பூட்டைக்குக் காத்திருக்க வேண்டாம்

மார்கழி பாதி தாண்டினால் எங்க பக்கம் ஒரே பேச்சுதான்: "தட்டு அறுத்தாச்சுங்களா?" ஐப்பசி மழைக்கு விதைத்த சோளம் அப்போதுதான் பூ எடுக்கும். கொறங்காட்டுப் புல் தீர்ந்த பிறகு, கோடை முழுக்கப் பண்டங்களுக்கு அந்தச் சோளத்தட்டுதான் தீனி. பண்டம் என்றால் எங்களுக்கு மாடு கன்னுங்க, தின்பண்டம் இல்லை. 2017-இல் மெரினாவில் காங்கேயம் காளை படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்களே, அந்த வருஷம் மழை பொய்த்து இங்கே தட்டே இல்லை.

பூ எடுத்து, மணி பால் பிடிப்பதற்குள் அறுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அப்போது தண்டை மென்று பாருங்கள், இனிக்கும். பூட்டை (சோளக்கதிருக்கு எங்க ஊர்ப் பேர்) முத்த முத்தத் தண்டின் சாரமெல்லாம் மணிக்கு ஏறிவிடும். அப்புறம் மாடு தோகையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதித்துத் தள்ளும்.

அதுக்காக இளசில் கை வைக்கக் கூடாது. முழங்கால் உயரத்தில் வாடி நிற்கிற சோளம் நஞ்சு, ஹைட்ரோசயனிக் அமிலம். மேய்ந்த மாடு கட்டுத்தரைக்கு வந்து சேராது. பூக்கும் பருவத்தில் அந்தப் பயம் குறைவு, காய்ந்தால் இன்னும் குறைவு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ.எப்.எஸ். 29 தீவனச் சோளத்துக்கும் முதல் அறுப்பு 65 நாளில், பூக்கிற நேரம்தான்.

பிறகு ஏன் இங்கே பலபேர் தை கடைசி வரை விடுகிறார்கள்? அப்பாரு காலத்துப் பழக்கம். அவருக்குச் சோளச்சோறுதான் சாப்பாடு. மணிக்காகக் காத்திருந்தார், தட்டு மிச்சத்துக்கு வந்தது. இன்றைக்கு எங்க வீட்டிலேயே ரேஷன் அரிசி. சோளத்தை மயில் தின்கிறது. யாருக்குங்க காத்திருக்கிறோம்?

இன்னொன்று, ஆள் பஞ்சம். விடிந்தால் பனியன் கம்பெனி வேன் வந்துவிடும். குறை சொல்ல மாட்டேன், என் மகளும் அதில்தான் செக்கிங் வேலைக்குப் போகிறாள். மூணு வருஷம் முந்தி ஆளுக்காக மூணு வாரம் காத்திருந்தேன். அந்தத் தட்டைப் போட்டு, காலையில் ரெண்டு லிட்டர் கறந்த மாடு பங்குனியில் ஒண்ணேகாலுக்கு இறங்கிவிட்டது. மிச்ச காசெல்லாம் புண்ணாக்குக்கே போச்சு. இப்போது நானும் வீட்டுக்காரியும், பக்கத்துத் தோட்டத்து அண்ணனுமாக நாளைக்கு ஒரு துண்டு அறுக்கிறோம். அவர் காட்டுக்கு நாங்கள் போவோம்.

மார்கழிப் பனியில் தட்டு காயாது என்பார்கள். அது நிஜம்தான். ஈரத்தோடு கட்டிப் போர் போட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பனி இறங்கினதும் அறுத்து, மெல்லிசாகப் பரப்பி, புரட்டிப் போட்டு, ஒடித்தால் சட்டென்று முறிகிற பதத்தில்தான் கட்ட வேண்டும். நடுவில் ஒரு தூறல் விழுந்தால் கறுக்கும். கறுத்த இளந்தட்டை என் மாடு தின்றது. பொன்னாட்டம் காய்ந்த முத்தல் தட்டைத்தான் மிதித்தது.

மேற்குத் துண்டு நேற்று முடிந்தது. "பூட்டை இன்னும் முத்தலீங்களே" என்று வரப்பில் நின்று கேட்டார் கிழக்குக் காட்டுக்காரர். மயிலெல்லாம் இப்போது அவர் காட்டில்.