ஆற்றுக்கு ஒரு ஐந்தொகை

அரியலூரிலிருந்து திருச்சிப் பக்கம் ரயிலில் போனால், கல்லகம் வருவதற்குள் ஒரு பாலம் வரும். சக்கரத்தின் சத்தம் மட்டும் 'தடதட' என்று மாறும். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் மணல், சீமைக்கருவேலம், நாலு வெள்ளாடு. 'இதெல்லாம் ஒரு ஆறா?' என்று நானே நக்கலடித்திருக்கிறேன்.

பெயர் மருதையாறு. பச்சைமலைப் பக்கம் பிறந்து, பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கொள்ளிடத்தில் சேருகிறது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் லீவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் டியூட்டி.

1956 நவம்பர் 23 விடியற்காலை டியூட்டியில் இருந்தது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பாலத்தில் ஏறியபோது, பாலத்தைத் தாங்கிய கரையை வெள்ளம் அரித்துத் தின்றிருந்தது. என்ஜினும் பெட்டிகளும் தண்ணீரில். 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். (அரியலூர் மறுபடி தனி மாவட்டமானது 2007-ல், அதே நவம்பர் 23. நாள் குறித்தவர் காலண்டரில் ராகுகாலம் மட்டும் பார்த்தார் போலிருக்கிறது.)

போன மாசி மாதம், பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஆற்றில் இறங்கினேன். ஆடு மேய்த்த பெரியவர் கேட்டார்: "என்னா தம்பி தேடுறீங்க? புதையலா?"

"இல்லீங்க, ஆறு எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"அதுக்கென்ன, படுத்திருக்கு."

ஆறு படுத்திருந்தாலும் கணக்கு எழுதிக்கொண்டுதான் இருக்கும். பி.காம். படித்தவனுக்கு இது சுலபம். வளைவில் வெளிப்பக்கம் தண்ணீர் வேகம், கரையை அரிக்கும். அது பற்று. உள்பக்கம் வேகம் குறைவு, மணலைப் போடும். அது வரவு. இப்படியே வாங்கி வாங்கி வைத்து, ஆறு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகும். மணலை மேலேயே அணை கட்டி நிறுத்தினாலும், லாரியில் அள்ளினாலும், கணக்கில் துண்டு விழும். தண்ணீர் சும்மா இருக்குமா? படுகையைத் தோண்டி எடுத்துக்கொள்ளும். பாலத்துத் தூணின் அஸ்திவாரம் வெளியே எட்டிப் பார்ப்பது அப்போதுதான்.

தணிக்கைக்குப் பெரிய மெஷின் வேண்டாம். இரு கரையிலும் நகராத ஒரு குச்சி. நடுவே கயிறு. மீட்டருக்கு ஒரு தடவை கயிற்றிலிருந்து தரை எவ்வளவு ஆழம் என்று அளந்து எழுதவேண்டும். மழை முடிந்ததும் அதே குச்சி, அதே கயிறு. இரண்டு கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டால் ஆறு எங்கே தின்றது, எங்கே துப்பியது என்று தெரிந்துவிடும். ஒரு தடவை மட்டும் அளந்தால் பிரயோஜனமில்லை. ஆரம்ப இருப்பை வைத்து லாப நஷ்டம் சொல்ல முடியுமா?

பெரியவர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். கரை மரத்தின் வேரைக் காட்டி, "நான் சின்னப் புள்ளையா இருக்கச்சே இது மண்ணுக்குள்ள இருந்துச்சு" என்றார். அளந்தேன். இரண்டே முக்கால் அடி வெளியே தொங்கியது.

"அந்த ரயிலு விழுந்தப்ப எனக்கு ஆறு வயசு. தூக்கப் போன எங்கப்பாரு ரெண்டு நாளு சோறு திங்கல."

பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எல்லா அளவையும் குறித்துக்கொண்டேன். தை மாதம் மறுபடி போகவேண்டும். அதுவரை குச்சியை ஆடு தின்னாமல் பார்த்துக்கொள்வதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார்.