ஓட்டை மேலா, கீழா?

பியர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் ஒரு வால்வைப் பொருத்துவது குற்றமாகுமா? இலங்கையில் ஆகும். அனுமதிப்பத்திரமின்றி மதுபானம் தயாரிப்பதை மட்டுமன்றி, அந்நோக்கத்துடன் உபகரணங்களை வைத்திருப்பதையும் 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவர் சனிக்கிழமைப் பொழுதுபோக்காகச் செய்வதைக் கிளிநொச்சியில் ஒருவர் செய்தால், அவர் நீதிமன்றப் படியேற வேண்டியதுதான்.

அந்த வேலைதான் என்ன? துருவேறா உருக்குப் பாத்திரத்தின் அடிமட்டத்துக்குச் சற்று மேலே ஒரு துளை. அதில் அரை அங்குல வால்வு. கசிவைத் தடுக்க ஒரு சிலிக்கன் வளையம். உட்புறம் இறுக்க ஒரு சுரை. முளைகட்டிய வாற்கோதுமையின் சாற்றை ஹொப்ஸ் பூவுடன் கொதிக்கவைத்து ஆற்றியபின், மண்டி அடியில் தங்கிவிட, தெளிந்த சாறு வால்வின் வழியே இறங்கும். முப்பது லீற்றர்ப் பாத்திரத்தைத் தூக்கிச் சரித்து உடலைப் பொசுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. பி.வி.சி. குழாய் கொதிநீரில் இளகிவிடும்; மலிவான பித்தளையில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் வால்வும் துருவேறா உருக்காக இருப்பதே நன்று. பிறகு மதுவம் இட்டு நொதிக்கவைத்தால் பியர். அவ்வளவுதான்.

கசிப்புக் காய்ச்சுபவரின் பாத்திரத்திலோ துளை மேலே இருக்கும். மூடிய வாயிலிருந்து ஆவி செல்லும் குழாய் அது. கீழ்த்துளை திரவத்தை இறக்குகிறது. மேல்துளை மதுசாரத்தைச் செறிவாக்குகிறது. முன்னது நொதிப்பு, பின்னது வடிப்பு. பியரில் மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்கு ஐந்து அளவில் நிற்கும். வடித்ததில் அது பல மடங்கு. இந்த வேறுபாட்டை ஒரு பாடசாலை மாணவன் அறிவான். சட்டம் அறியவில்லை.

தருமபுரத்திலும் விசுவமடுவிலும் கசிப்பும் கோடாவும் பிடிபட்டதான செய்திகளை எத்தனை தடவை அச்சேற்றியிருப்போம்! பரல்கள் கவிழ்க்கப்படும், கூலிக்குக் காய்ச்சியவர் தண்டம் கட்டுவார், முதலிட்டவர் அடுத்த பரலை வாங்குவார். 2009 இன் பின்னர் குடும்பச் சுமையைத் தனியே தாங்கும் பெண்கள் நிறைந்த மண்ணில், அந்தப் பரலின் விலையைச் செலுத்துவது யார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"அப்படியாயின் வீட்டுக்கு வீடு மது காய்ச்சச் சொல்கிறீரா?" என்று கேட்பீர்கள். இல்லை. எவரையும் குடிக்கச் சொல்லவில்லை. தீங்கின் அளவுக்கேற்பச் சட்டம் அமைய வேண்டும் என்கிறேன். மென்மையானதை மறுத்தால் மக்கள் மதுவைத் துறந்துவிடுவர் என்பது வெறும் கற்பனை. தமிழகத்தைப் பாருங்கள். அங்கே 1987 முதல் கள்ளுக்குத் தடை. ஆயினும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது.

நமக்கு இச்சட்டத்தை எழுதித்தந்த பிரித்தானியர் தம் நாட்டில் என்ன செய்தனர்? வீட்டில் பியர் காய்ச்சுவதற்கான அனுமதிப்பத்திர முறையை 1963 இல் நீக்கினர். அனுமதியின்றி வடிப்பது அங்கே இன்றும் குற்றமே. அமெரிக்காவும் 1978 இல் நொதிப்பைத்தான் விடுவித்தது, வடிப்பை அல்ல. அதுவும் விற்பனைக்கன்றி, குடும்பமொன்றுக்கு ஆண்டுக்கு 200 கலன் என்ற வரம்புடன். அவ்விரு நாடுகளும் கோட்டை எங்கே கிழித்தன என்பதைக் கவனியுங்கள்.

நாமும் அங்கேயே கிழிக்கலாம். வீட்டுத் தேவைக்கு, வரம்புக்குட்பட்டு, விற்பனையின்றி நொதிக்கவைப்பதைச் சட்டம் விட்டுவிடட்டும். மிஞ்சும் ஆட்பலத்தையும் வாகனத்தையும் கொண்டு மதுவரித் திணைக்களமும் பொலிசாரும் கசிப்பின் முதலாளியைத் தேடட்டும். அவர்கள் இதைச் செய்யாதவரை, வன்னியில் நடப்பது மது ஒழிப்பு அல்ல. வரி இழப்பைப் பற்றிய கவலை மட்டுமே.