எச்சரிக்கையை அடக்கினால் பிழை போய்விடுமா?

"நினைவகப் பிழையோ? உது கணினிப் பிள்ளையளின்ர பாடு, கலைப்பீடத்தாருக்கு என்னத்துக்கு?" என்று கேட்பியள். எங்களுக்கும் அதில் வேலை இருக்கு என்பதே எங்கட வாதம்.

2018 பெப்ரவரியில் ஒரேயொரு தெலுங்கு எழுத்துக்கூட்டு ஐபோன் செயலிகளை விழுத்தியது. நினைவகச் சிதைவுதான் காரணம். 19ஆம் திகதி ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. தமிழிலும் இதற்கு இடமிருக்கிறது. 'கொ' என்று தட்டினால் கணினி சேமிப்பது இரண்டு குறிகள். திரையில் வருவதோ மூன்று: கொம்பு, ககரம், அரவு. இரண்டுக்கு ஒதுக்கிய இடத்தில் மூன்றை எழுதினால், பக்கத்து வளவுக்குள் வேலியைத் தள்ளிப் போட்ட கதைதான்.

இந்த அத்துமீறலைப் பிடிக்கத்தான் வால்கிரைண்ட், அட்ரஸ்சானிடைசர் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனால் பெரிய மென்பொருளில் எச்சரிக்கைகள் குவியும். சிலது வேறொருவர் எழுதிய நூலகத்திலிருந்து வரும், சிலது தீங்கில்லாதது. அலுத்துப்போய் எல்லாவற்றையும் அடக்கிவிடத் தோன்றும்.

அதன் விலை தெரிந்ததுதான். 2006இல் டெபியன் லினக்ஸில், ஓப்பன்எஸ்எஸ்எல் பற்றி வால்கிரைண்ட் தந்த எச்சரிக்கையை நிறுத்த இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. இரகசியச் சாவிகளுக்கு வேண்டிய எழுந்தமானத்தைச் சேர்த்த வரியும் அதோடு போயிற்று. 2008 மே மாதம் கண்டுபிடிக்கும்வரை, அங்கு உருவான சாவிகள் ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000க்குள் அடங்கின. ஊகித்தே திறக்கலாம். கருவி பொய் சொல்லவில்லை. அது சொன்னதை முழுதாக வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வாசிக்க ஒரு ஒழுங்கு இருக்கு. முதல் எச்சரிக்கையை முதலில் பாருங்கோ. பின்னால் வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். பிழையைக் கிளப்பும் உள்ளீட்டைச் சுருக்கிக்கொண்டே போங்கோ. இன்னொரு கருவியாலும் சோதியுங்கோ. அடக்கத்தான் வேண்டுமென்றால் அந்த ஓரிடத்தை மட்டும் அடக்கி, காரணத்தை எழுதி வையுங்கோ.

இது எங்களுக்குப் புதிதில்லை. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தது, சிதைந்த ஏடுகளை ஒப்பிட்டுத்தான். விளங்காத சொல்லை வெட்டி எறிவது பதிப்பு ஆகாது.

ஆகவே தமிழில் தட்டும்போது ஒரு செயலி விழுந்தால், "போன் சரியில்லை" என்று விட்டுவிடாமல், எந்தச் சொல், எந்த எழுத்து என்று சுருக்கிப் பார்த்து, பதிப்பு எண்ணோடு அறிவிப்போம். நிரலைத் திருத்த வேறு ஆட்கள் இருப்பினம். அந்த எழுத்தை அடையாளம் காட்டத் தமிழ் தெரிந்தவர்கள் வேணும்.