அன்றாடப் பணி யாருடைய பொறுப்பு?

இமாச்சலப் பிரதேசத்தின் தலைநகரான சிம்லாவில் பல வீடுகளுக்குச் சாலை கிடையாது. படிக்கட்டுகளும் ஒற்றையடிப் பாதைகளுமே உண்டு. குப்பை வண்டி அங்கே ஏற முடியாது. ஆகவே, அன்றாடம் காலையில் தூய்மைப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிக் குப்பையைச் சேகரித்து, முதுகில் சுமந்து சாலைக்குக் கொண்டுவருகின்றனர். குடிநீரும் தானாக வருவதில்லை. கும்மா, கிரி போன்ற நீராதாரங்கள் நகருக்கு வெகு கீழே பள்ளத்தாக்குகளில் உள்ளன. அங்கிருந்து நீரை மலைமேல் ஏற்றித் தொட்டிகளில் நிரப்பிய பிறகு, பகுதி பகுதியாக வால்வைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். பனிக்காலத்தில் பாதைகளில் உறைந்த பனியை அகற்றுவதும், மழைக்காலத்தில் சரிந்த மண்ணை அள்ளுவதும், தெருவிளக்கைப் பழுது பார்ப்பதும், பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்வதும் இதே போன்ற அன்றாடப் பணிகளே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 1.7 லட்சம் பேர் வாழும் ஒரு சிறு நகரம் இவர்களது உழைப்பால்தான் ஒவ்வொரு நாளும் இயங்குகிறது.

இந்தப் பணிகளுக்கு யார் பொறுப்பு? அரசமைப்புச் சட்டத்தின் பதில் தெளிவானது. 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம், குடிநீர், பொதுச் சுகாதாரம், திடக்கழிவு மேலாண்மை, நகரத் திட்டமிடல் உள்ளிட்ட 18 பணிகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் பட்டியலிட்டு, அவற்றைத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்ப்புற உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க வழிவகுத்தது. ஆனால் ஒப்படைப்பது மாநிலச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பெரும்பாலான மாநிலங்களில் அதிகாரம் ஓரிடத்திலும் பழி வேறோரிடத்திலும் இருக்கின்றன. 18 மாநிலங்களில் இத்திருத்தத்தின் செயலாக்கத்தை ஆராய்ந்த சிஏஜி அறிக்கைகள் இதையே உறுதி செய்கின்றன. காகிதத்தில் ஏறக்குறைய எல்லாப் பணிகளும் மாற்றப்பட்டுள்ளன. முழுத் தன்னாட்சியுடன் மாற்றப்பட்டவை சராசரியாக நான்கு மட்டுமே. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகக் கிடக்கின்றன.

இது வெறும் நிர்வாகக் குறைபாடு அல்ல. இதன் விலை என்ன என்பதைச் சிம்லா மக்கள் தங்கள் உடலில் உணர்ந்திருக்கிறார்கள். 2015 டிசம்பரில் தொடங்கி 2016இன் முதல் மாதங்கள் வரை அந்நகரில் மஞ்சள் காமாலை பரவியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர், உயிர்களும் பறிபோயின. காரணம் மர்மமானதல்ல. மல்யாணாவில் உள்ள கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து சரிவரச் சுத்திகரிக்கப்படாத கழிவு, அஸ்வனி கட் என்ற நீரோடையில் கலந்தது. அதே ஓடையிலிருந்துதான் நகருக்குக் குடிநீர் எடுக்கப்பட்டது. சுத்திகரிப்பு நிலையம் மாநில அரசுத் துறையின் கீழ் இருந்தது. அதை இயக்கியதோ ஒப்பந்ததாரர். ஓடையிலிருந்து நீரை ஏற்றியது அதே மாநிலத் துறை. அந்நீரை மொத்தமாகப் பெற்று வீடுகளுக்கு விநியோகித்தது மாநகராட்சி. கழிவைச் சுத்தம் செய்யவேண்டியவரையும் குடிநீரை விநியோகிப்பவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் அதிகாரம் நகர மக்கள் தேர்ந்தெடுத்த எவருக்கும் இல்லை. நோய் அந்த இடைவெளி வழியாகத்தான் நுழைந்தது.

அப்போது மாநகராட்சியின் மேயரும் துணை மேயரும் இடதுசாரிகள். 2012இல் நடந்த நேரடித் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி அவ்விரு பொறுப்புகளையும் வென்றது. ஆனால் 25 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் அதற்குப் பெரும்பான்மை இல்லை. அதிகாரம் இல்லாத பதவி என்று கூறி ஒதுங்கிவிட எந்த மக்கள் பிரதிநிதியாலும் முடியாது. தனது குழாயில் வரும் நீருக்கு மக்கள் மேயரைத்தான் கேட்பார்கள். அப்படிக் கேட்பது சரியும்கூட. இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை ஒன்றே. நீராதாரம் முதல் கழிவுநீர் வரை முழுச் சங்கிலியும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் பொறுப்பில் இருக்கவேண்டும். இந்தக் கோரிக்கை வலுப்பெற்ற பின்னரே, 2016இல் குடிநீர், கழிவுநீர்ப் பணிகள் மாநகராட்சியின் கீழ் ஒன்றாகக் கொண்டுவரப்பட்டன.

அந்த ஏற்பாடு வேரூன்ற விடப்படவில்லை. 2018 மே, ஜூன் மாதங்களில் சிம்லாவில் கடும் தண்ணீர்ப் பஞ்சம் ஏற்பட்டது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் பனிப்பொழிவு குறைவு; பழைய குழாய்களிலோ பெருங்கசிவு. கிடைத்த நீர் தேவையில் பாதியளவே. மக்கள் இரவிலும் குடங்களுடன் வரிசையில் நின்றனர். ஆளுநர், முதலமைச்சர் தவிர, நீதிபதிகள், அமைச்சர்கள் உட்பட எவருக்கும் தனியாகத் தண்ணீர் லாரி அனுப்பக் கூடாது என்று உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நீர் பற்றாக்குறையான இடத்தில் வால்வு யாருக்காகத் திறக்கிறது என்பது வர்க்கக் கேள்வியே என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஆனால் ஆட்சியாளர்கள் கண்ட தீர்வு, மாநகராட்சிக்கு ஆளும் நிதியும் தருவதல்ல. குடிநீர், கழிவுநீர்ப் பணிகள் 2018இலேயே தனி நிறுவனம் ஒன்றிடம் மாற்றப்பட்டன.

இது சிம்லாவுக்கு மட்டும் உரிய கதையன்று. 2015இல் தொடங்கிய பொலிவுறு நகரங்கள் திட்டம் தெரிவு செய்த 100 நகரங்களிலும், நிறுவனச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்பட்ட சிறப்பு நோக்க நிறுவனங்களே திட்டத்தை நடத்தின. நகர மன்றம் விவாதித்து முடிவெடுக்க வேண்டியவை நிறுவன இயக்குநர் குழுவின் கூட்ட அறைக்குச் சென்றன. மன்றக் கூட்டத்தில் வார்டு உறுப்பினர் எழுந்து கேட்கலாம்; இயக்குநர் குழுக் கூட்டத்தில் அவருக்கு நாற்காலியே இல்லை.

பணி கைமாறும்போது பணியாளரும் கைவிடப்படுகிறார். சிம்லாவில் வீடு வீடாகக் குப்பை சேகரிப்போர் மாநகராட்சியின் நிரந்தர ஊழியர்கள் அல்லர். இதற்கென அமைக்கப்பட்ட சங்கம் ஒன்றின் பணியாளர்கள். ஊதிய உயர்வுக்காகவும் பணிப் பாதுகாப்புக்காகவும் அவர்கள் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் 15 அன்று மண்சரிவில் வீடுகள் இடிந்து விழுந்த கிருஷ்ணா நகர், தலித் மக்கள் பெருமளவில் வாழும் பகுதி. நகரின் அழுக்கைச் சுமப்பவர்களுக்கு அந்த நகரம் ஒதுக்கித் தந்திருப்பது சரியும் நிலத்தைத்தான். தமிழ்நாட்டுத் தோழர்களுக்கும் இது அந்நியமான காட்சியல்ல. சென்னையின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன் தூய்மைப் பணியாளர்கள் இரவும் பகலும் அமர்ந்து போராடியதை நாடு கண்டது.

ஒப்பந்த முறையின் உண்மையான பயன், செலவு குறைவது மட்டுமன்று, பொறுப்பு கரைந்துபோவதே. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் இயற்றப்பட்டது. சாக்கடைக் குழியில் இறப்போரின் குடும்பத்துக்கு இழப்பீட்டை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தி உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது. ஆயினும் மரணங்கள் நிற்கவில்லை. ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது. ஒப்பந்ததாரர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார். அவரோ, இறந்தவர் தானாக இறங்கியதாகச் சொல்கிறார்.

பணம் இல்லை என்பதே எல்லா நகராட்சிகளும் சொல்லும் பதில். அது பாதி உண்மை. ரிசர்வ் வங்கியின் ஆய்வறிக்கைப்படி, நாட்டின் மாநகராட்சிகள் அனைத்தின் வருவாயும் சேர்ந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.6 சதவீதம்தான். 2017இல் வந்த ஜிஎஸ்டி, நுழைவு வரி போன்ற உள்ளாட்சி வருவாய்களை விழுங்கியது; மாநிலங்களுக்கு ஐந்தாண்டு இழப்பீடு உறுதியளித்த அச்சட்டம், உள்ளாட்சிகளுக்கு நேரடியாக எதையும் உறுதியளிக்கவில்லை. ஆக, பணம் இல்லாமல் போகவில்லை, எடுத்துக்கொள்ளப்பட்டது. வேறு வழி உண்டு என்பதையும் அனுபவம் காட்டியிருக்கிறது. 1996இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கியது. அதை எப்படிச் செலவிடுவது என்று வார்டு மட்டத்தில் மக்களைக் கூட்டிப் பேசவைத்தது.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. பன்னிரண்டாவது அட்டவணையின் 18 பணிகளும் ஆள், நிதி, அதிகாரம் ஆகிய மூன்றுடனும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களுக்கு மாற்றப்பட வேண்டும். தனி நிறுவனங்களிடம் சென்ற குடிநீர், கழிவுநீர்ப் பணிகள் மன்றத்தின் கட்டுப்பாட்டுக்குத் திரும்ப வேண்டும். நிரந்தரத் தன்மையுள்ள பணியில் ஒப்பந்த முறை ஒழிந்து, தூய்மைப் பணியாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஜிஎஸ்டி வருவாயில் உள்ளாட்சிகளுக்குச் சட்டப்படியான பங்கு வேண்டும்.

இவை தீர்மானங்களில் எழுதிவைப்பதற்கு மட்டும் உரியவை அல்ல. குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது, குப்பை அள்ளும் பெண்ணுக்கு மாத ஊதியம் யார் கையிலிருந்து எவ்வளவு வருகிறது என்பது ஒவ்வொரு கிளைக்கும் தன் வார்டு அளவில் தெரிந்திருக்க வேண்டும். குடிநீர் கேட்கும் குடியிருப்போரும் பணி நிரந்தரம் கேட்கும் தொழிலாளரும் தனித்தனியே நிற்கும்வரை, ஒருவரை மற்றவருக்கு எதிராக நிறுத்துவது ஆட்சியாளர்களுக்கு எளிது. வேலைநிறுத்த நாளில் தெருவில் தேங்கும் குப்பைக்குத் தொழிலாளியைப் பழிக்காமல், அவர் பக்கம் நின்று மாநகராட்சியைக் கேள்வி கேட்கும் தெருவை உருவாக்குவதே இடதுசாரி இயக்கத்தின் முன்னுள்ள அன்றாடப் பணி.