மிச்சமான நேரம் யாருக்கு?

நுழையும்முன்
செயற்கை நுண்ணறிவு வரமா, சாபமா என்று பட்டிமன்றங்கள் நிகழ்கின்றன. இக்கட்டுரை வேறொரு வினாவை எழுப்புகிறது. அக்கருவியால் விளையும் நன்மை எவரைச் சென்றடைகிறது? பெங்களூரு நகரின் இரு நிகழ்வுகளைக் கொண்டு சிந்திப்போம்.

மாணவர்களே! பூங்கா நகரம் என்றும் ஓய்வூதியர்களின் நகரம் என்றும் ஒரு காலத்தில் அழைக்கப்பட்டது பெங்களூரு. 1985ஆம் ஆண்டு டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் நிறுவனம் இங்குத் தன் மையத்தைத் தொடங்கியது. தொடர்ந்து மென்பொருள் நிறுவனங்கள் பெருகின. தமிழ்நாட்டு இளைஞர் பலரும் வேலை நாடி ஓசூர் எல்லையைக் கடந்து வந்தனர். கணினி வாழ்வளித்த அதே நகரில், கணினியே வேலையைப் பறித்துவிடுமோ என்னும் அச்சம் இன்று எழுந்துள்ளது.

அவ்வச்சம் காரணமற்றதன்று. சிறு வணிகர்கள் இணையத்தில் கடை திறக்க உதவும் ‘துக்கான்’ என்னும் பெங்களூரு நிறுவனம், வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்களுள் 90 விழுக்காட்டினரை நீக்கி, உரையாடு மென்பொருளை அப்பணியில் அமர்த்தியது. 2023 ஜூலையில் அதன் தலைமை அலுவலரே இதனை வெளியிட்டார். ஒரு சிக்கலைத் தீர்க்க முன்பு 2 மணி 13 நிமிடம் ஆயிற்று. பின்னர் 3 நிமிடம் 12 நொடி போதுமானதாயிற்று. சேவைக்கான செலவும் ஏறத்தாழ 85 விழுக்காடு குறைந்தது என்றார் அவர்.

இந்நன்மையைச் சிறிதென ஒதுக்கிவிட முடியாது. நள்ளிரவில் பணம் வந்து சேராமல் தவிக்கும் ஒரு சிறு கடைக்காரருக்கு மூன்று நிமிடத்தில் விடை கிடைப்பது பேருதவியே. ஆயினும் அந்தக் கணக்கில் எழுதப்படாத வரி ஒன்று உண்டு. பட்டம் பெற்ற முதல் தலைமுறையினர் பலருக்கு நகர வாழ்வின் முதற்படி இத்தகைய பணியே. நிறுவனத்திற்கு மிச்சமான ஊதியம் ஒரு குடும்பத்தின் வாடகையாகவும், தம்பி தங்கையரின் கல்விக் கட்டணமாகவும் இருந்திருக்கும். மேலும், உரையாடு மென்பொருள்கள் மனிதர் எழுதிக் குவித்த சொற்களிலிருந்தே பேசக் கற்கின்றன. கற்பித்தவருக்கு அதன் பயனில் பங்கில்லை என்பது அறமாகுமா?

பங்களிக்கவும் இயலும் என்பதற்கு அதே பெங்களூருவிலேயே சான்று உள்ளது. 2021இல் தொடங்கப்பட்ட ‘கார்யா’ என்னும் நிறுவனம், இந்திய மொழிகளைக் கணினி புரிந்துகொள்ளத் தேவையான குரல் பதிவுகளைத் திரட்டுகிறது. 2023இல் கர்நாடகச் சிற்றூர் மக்கள் தம் கைப்பேசியில் கன்னடத் தொடர்களைப் படித்துப் பதிவு செய்தனர். அதற்கு மணிக்கு ஏறத்தாழ 5 டாலர், அதாவது அன்றைய மதிப்பில் 400 ரூபாய் அளவில் ஊதியம் வழங்கப்பட்டது. அப்பதிவு மீண்டும் விற்கப்பட்டால், அவ்வருவாயிலும் குரல் தந்தவருக்குப் பங்கு உண்டு. இது நிலையான வேலை அன்று, துணை வருவாயே. எனினும், உழைத்தவருக்கும் பங்கு தரலாம் என்னும் நெறியை இது காட்டுகிறது.

“வங்கிகளில் கணினி வந்தபோதும் இப்படித்தான் அஞ்சினோம்; பின்னர் வேலைகள் பெருகவில்லையா?” எனச் சிலர் வினவுவர். உண்மையே. ஆனால், அக்கணினி ஒரே நாளில் வந்துவிடவில்லை. வங்கி நிருவாகங்களும் ஊழியர் சங்கங்களும் 1983இல் உடன்பாடு செய்துகொண்டன. அதன்பின் படிப்படியாகவே அது நுழைந்தது. ஊழியர் புதிய பணியைக் கற்றுக்கொள்ளக் கால இடைவெளி இருந்தது. இன்று பேச்சும் இல்லை, இடைவெளியும் இல்லை. அறிவிப்பு ஒன்றே மிஞ்சுகிறது.

எனவே மூன்று கடமைகள் இன்றியமையாதவை என்பது என் கருத்து. முதலாவது, கருவியைப் புகுத்தும் நிறுவனம், அதனால் வேலையிழப்போருக்கு முன்னறிவிப்பும் புதிய பயிற்சியும் தர வேண்டும். மிச்சமாகும் பணத்தில் ஒரு பகுதியை இதற்கெனவே ஒதுக்கலாம். இரண்டாவது, மென்பொருள் தவறான விடையையும் தயங்காமல் கூறக்கூடியது. ஆதலால், வேண்டும்போது ஒரு மனிதரிடம் பேசும் உரிமை வாடிக்கையாளருக்கு இருத்தல் வேண்டும். பிழைக்குப் பொறுப்பேற்க இயந்திரத்தால் இயலாது. மூன்றாவது, மக்களின் குரலையும் எழுத்தையும் அவர்தம் இசைவின்றி எடுத்தலாகாது. எடுத்தால் உரிய விலை தருதல் வேண்டும்.

இரண்டு மணி நேர வேலை மூன்று நிமிடமாகச் சுருங்குவது அறிவியலின் வெற்றி. மிச்சமான அந்த நேரம் சிலருடைய இலாபமாக மட்டும் நின்றுவிடாமல், பலருடைய வாழ்வாகவும் மாறும்போதுதான் அது சமுதாயத்தின் வெற்றியாகும். நாளை இத்தகைய கருவிகளை உருவாக்கப் போகிறவர்களும், அவற்றோடு பணியாற்றப் போகிறவர்களும் நீங்களே. கருவியின் திறனைக் கற்கும்போதே, அதன் பயன் யாருக்கு என்று கேட்கவும் கற்றுக்கொள்ளுங்கள்.

சிந்தித்து எழுதுக
1. கட்டுரையாளர் கூறும் மூன்று கடமைகளுள் முதன்மையானதாக நீவிர் கருதுவது எது? காரணம் தருக.
2. உம் பகுதிக் கடை ஒன்றில் உரையாடு மென்பொருள் வந்தால் யாருக்கு நன்மை, யாருக்கு இழப்பு என்பதை வகைப்படுத்துக.