போர்டு மாத்தணும் சார்!

குரோம்பேட்டையில் குடியிருக்கும் ஒருவன் டிராக்டர் வாங்கினால் என்ன ஆகும்? அடுக்ககச் சங்கத்துச் செயலாளர் அன்று மாலையே கதவைத் தட்டுவார். "சார், கேள்விப்பட்டேன். அதை எங்கே பார்க் பண்ணப் போறீங்க?"

கவலை வேண்டாம் என்றேன். அது உத்திரமேரூர் பக்கம் என் அத்தை வீட்டுக் களத்தில் நிற்கிறது. அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரை அத்தை மகன்தான் பார்த்துக்கொள்கிறான். உழவுக்கு வாடகை வண்டி கேட்டு, ஈரம் காய்ந்த பிறகு வண்டி வந்து சேர்ந்து, இரண்டு போகம் நொந்துபோனான். அதனால் ஒரு பழைய மாஸே ஃபெர்குசன் 1035 வாங்கினோம். தொண்ணூறுகளில் செய்த வண்டி. மூன்று சிலிண்டர் சிம்சன் எஞ்சின். விலை ஒரு லட்சத்துச் சொச்சம்.

நான் பி.காம். படித்தவன். குறைந்து செல் இருப்பு முறையில் தேய்மானம் போடத் தெரியும். 2 லட்சம் ரூபாய் இயந்திரத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்தால், 25 ஆண்டு முடிவில் கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு சுமார் 3,440 ரூபாய். புத்தகப்படி இந்த வண்டி ஏறக்குறைய செத்துப்போனது. ஆனால் நிலத்துக்குப் புத்தகம் படிக்கத் தெரியாது. வண்டி உழுகிறது!

உடனே உழுதுவிடவில்லை. வாங்கிய மூன்றாம் நாளே படுத்துக்கொண்டது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். விற்றவரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டி.வி.எஸ். எக்ஸெல்லில் வந்து இறங்கிய மெக்கானிக் என்னைச் சந்தேகப்பட்டார். "இன்னா சார், டீசல் காலியாவுற வரைக்கும் ஓட்னீங்களா?"

ஆமாம், ஓட்டியிருந்தேன். டீசல் தீர்ந்தால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று அடைத்துக்கொண்டால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் எஞ்சினுக்குள் டீசல் போகாது. அவர் ஃபில்டர் தலையில் இருந்த சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்தார். நுரை நுரையாக வந்தது. நுரை நின்று வெறும் டீசல் வழிந்ததும் ஸ்க்ரூவை முடுக்கினார். அடுத்து இன்ஜெக்டர் குழாயின் நட்டுகளிலும் அதே வேலை. எஞ்சின் உறுமியது. இரண்டு ஸ்பேனர், இருபது நிமிடம், 200 ரூபாய். கிளம்பும்போது சொன்னார்: "அடுத்த தபா நீங்களே பண்ணிக்கலாம். இதுக்கெல்லாம் என்னக் கூப்பிடாதீங்க."

தன் வருமானத்தைத் தானே வெட்டிக்கொள்ளும் இந்த வியாபார முறை எந்த காமர்ஸ் புத்தகத்திலும் இல்லை.

அதே மாதம் குரோம்பேட்டை வீட்டில் வாஷிங் மெஷின் நின்றது. வாங்கி நாலு வருடம். கம்பெனியிலிருந்து பளிச்சென்று யூனிஃபார்ம் போட்ட தம்பி வந்தார். திரையில் தெரிந்த எண்ணைப் பார்த்தார். மெஷினைத் திறக்கவே இல்லை. "போர்டு மாத்தணும் சார். 7,800 ஆகும்."

"ரிப்பேர் பண்ண முடியாதா தம்பி?"

"எங்ககிட்ட ரிப்பேர் எல்லாம் கிடையாது சார். மாத்துறது மட்டும்தான்."

பக்கத்துத் தெருவில் மிக்சி ரிப்பேர் பார்க்கும் பெரியவரைக் கூப்பிட்டேன். பின்பக்க மூடியைக் கழற்றினார். எலி கடித்த ஒயர். இணைத்து, டேப் சுற்றி, 350 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். மெஷின் இன்றுவரை சுற்றுகிறது.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு ரிப்பேர் செய்யக் கற்றுக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்திருப்பது ஒரே வாக்கியம். என் கோபம் அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவர்கள்மேல்.

இனிமேல் இது வாஷிங் மெஷினோடு நிற்காது. அமெரிக்காவில் பெரிய டிராக்டர்களின் எஞ்சினைக் கம்ப்யூட்டர்தான் ஆள்கிறது. கோளாறு வந்தால், கம்பெனியும் அதன் டீலரும் மட்டுமே வைத்திருக்கும் மென்பொருள் இல்லாமல் முழுசாகப் பழுது பார்க்க முடியவில்லை என்று விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கத்தினார்கள். கொலராடோ மாநிலம் 2023இல் விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே சட்டம் போட்டது. 2025 ஜனவரியில் ஜான் டீர் கம்பெனிமீது அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையமே வழக்குத் தொடுத்தது. அறுவடை நேரத்தில் டீலருக்காகக் காத்திருப்பவனின் நஷ்டத்தை எந்த வாரன்டியும் ஈடுகட்டாது.

"அது அமெரிக்கா சார்" என்கிறீர்களா? இங்கேயும் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் கடுமையான புகை விதிகள் வந்துவிட்டன. அதற்காக எரிபொருளை அளந்து விடும் வேலை எலெக்ட்ரானிக்ஸ் கைக்குப் போகிறது. நம் நாட்டில் சமீப ஆண்டுகளில் வருடத்துக்கு எட்டு லட்சத்துக்கு மேல் டிராக்டர் விற்கிறது. 'போர்டு மாத்தணும்' என்ற வாக்கியம் உத்திரமேரூர் களத்துக்கு வந்து சேர நாளாகாது.

அரசுக்கு இது தெரியாதா? தெரியும். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஸ்பேர் பார்ட்ஸையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளிச் சந்தைக்கு விடாமல் பூட்டி வைத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமை பற்றி ஆராய ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என நாலு துறைகள். அதே ஆண்டு டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று, ஓர் இணையதளமும் திறந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் இணையதளம் என்பது அறிவிப்புப் பலகை. மறுக்கிற கம்பெனியைத் தட்டிக் கேட்கச் சட்டம் வேண்டும்.

இன்னொரு செய்தி. மாஸே ஃபெர்குசன் என்ற பெயர் யாருக்குச் சொந்தம் என்று சென்னையின் டாஃபே நிறுவனத்துக்கும் அமெரிக்காவின் ஆக்கோ நிறுவனத்துக்கும் தகராறு. 2025 ஜூலையில் சமரசம் ஆனது. இந்தியா, நேபாளம், பூடானில் அந்தப் பெயர் டாஃபேக்கே. பெயரின் உரிமைக்கு இவ்வளவு வக்கீல்கள். காசு கொடுத்து வண்டி வாங்கியவனின் உரிமைக்கு எத்தனை வக்கீல்?

கம்பெனிகள் தரப்பிலும் நியாயம் கொஞ்சம் இருக்கிறது. பழைய வண்டி புகை கக்குகிறது. உண்மை. பழைய டிராக்டர் ஆபத்தானது. அதுவும் உண்மை. கவிழ்ந்தால் காப்பாற்ற என் வண்டியில் கம்பிக்கூண்டு கிடையாது. பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் வேட்டி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். மெக்கானிக் முதலில் செய்யச் சொன்னது அந்தத் தண்டுக்கு மூடி போடுவதைத்தான். புது எஞ்சின் குறைவாகப் புகைக்கட்டும், புது வண்டியில் கூண்டு இருக்கட்டும். நான் கேட்பது பழைய காலத்தை அல்ல, திறப்பதற்கு ஒரு சாவியை. புகையைக் குறைக்கும் கம்ப்யூட்டர் இருக்கலாம். அதை வாசிக்கும் கருவியைத் தாலுகா மெக்கானிக்குக்கு விற்க மாட்டேன் என்பதற்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்?

நான்கே நான்கு கோரிக்கை. பொருளோடு பழுது பார்க்கும் கையேடும் ஒயரிங் படமும் தர வேண்டும். ஸ்பேர் பார்ட்ஸ் யார் கேட்டாலும் கிடைக்க வேண்டும், எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதைப் பெட்டியிலேயே அச்சடிக்க வேண்டும். கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் மென்பொருளும் வெளி மெக்கானிக்குகளுக்கும் நியாய விலையில் வேண்டும். வெளியாள் ஸ்க்ரூவைத் தொட்டார் என்ற ஒரே காரணத்துக்காக வாரன்டியை ரத்து செய்யக் கூடாது.

நம்மீதும் ஒரு புகார் உண்டு. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய மோட்டார், ஃபேன், சுவிட்ச் என்று கொட்டிக் கிடக்கிறது. அதை வைத்து உயிர் கொடுக்கத் தெரிந்தவர்களை நாம் 'ஓட்டை உடைசல்காரர்' என்கிறோம். எம்.ஐ.டி. எங்கள் ஊரில்தான் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் எஞ்சினீயரிங் படிக்கிறார்கள், ஆனால் வீட்டு மிக்சியைக் கழற்ற அவர்களை நாம் விடுவதில்லை. "கைய வெக்காதே, கெட்டுப் போயிடும்!" அது ஏற்கெனவே கெட்டுத்தானே போயிருக்கிறது?

பழைய டிராக்டர் வாங்க யாருக்காவது ஆசை வந்திருந்தால் ஒரு வார்த்தை. எஞ்சினுக்கு முன்னால் ஆர்.சி.யைப் பாருங்கள். கடன் பாக்கி பதிவாகியிருந்தால் வங்கியின் கையெழுத்தோடு 35ஆம் படிவம் வாங்குங்கள். 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்துப் போட்டு, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளிலும் வாங்கியவர் 30 நாளிலும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் இரண்டு நல்ல ஸ்பேனர் வாங்குங்கள்.

டிராக்டர் வேண்டாம் என்பவர்கள், அடுத்த முறை ஃபிரிட்ஜ் வாங்கப் போகும்போது தவணை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், "இது கெட்டுப் போனா யார் திறப்பாங்க? பார்ட்ஸ் எத்தனை வருஷம் கிடைக்கும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாமல் விற்பவர் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் மேனேஜர் விழிப்பார். லட்சம் பேர் கேட்டால் கம்பெனி கையேட்டைத் தேடி எடுக்கும்.

போன வாரம் செயலாளர் மறுபடி கதவைத் தட்டினார். டிராக்டர் பற்றி அல்ல. அவர் வீட்டு ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதாம், போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்களாம். "அந்த மிக்சி ரிப்பேர் பெரியவர் நம்பர் இருக்கா சார்?"

கொடுத்தேன்.