கஹுட்டாவைத் தாக்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்குமா?

ஈரானின் அணு நிலையங்கள் மீது 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு வீசியது முதல், பெங்களூருவின் கருத்தரங்குகளிலும் விடுதி விவாதங்களிலும் ஒரு பழைய ஆதங்கம் மீண்டும் தலைதூக்கியிருக்கிறது. 1980களில் பாகிஸ்தானின் கஹுட்டா செறிவூட்டல் நிலையத்தை இந்தியா தகர்த்திருக்க வேண்டும். துணிவற்ற தலைமை அந்த வாய்ப்பை நழுவவிட்டது. ஒரே இரவில் முடிந்திருக்க வேண்டிய காரியம் தலைமுறைகளின் தலைவலியாகிவிட்டது என்பதே அது. தொலைக்காட்சி விவாதங்களில் இப்படி ஒலிப்பதில் வியப்பில்லை. ஆய்வேடு எழுதுவோரும் எழுத வழிகாட்டுவோரும் சான்று கேட்காமல் இதைத் திருப்பிச் சொல்வதுதான் கவலைக்குரியது.

இந்திரா காந்தியின் ஆட்சிக்காலத்தில் அத்தகைய தாக்குதல் பரிசீலிக்கப்பட்டதாக ஆய்வாளர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். எந்த அளவுக்கு அது திட்டமாக உருப்பெற்றது என்பதில் கூட்டலும் கழித்தலும் உண்டு. தாக்குதல் நடந்தது, வெற்றியும் பெற்றது என்றே ஒரு வாதத்திற்காக வைத்துக்கொள்வோம். எது அழிந்திருக்கும்? மையவிலக்குப் பொறிகள் சுழன்ற கூடங்கள் அழிந்திருக்கும். எது அழிந்திருக்காது? அப்துல் காதிர் கான் 1970களில் நெதர்லாந்திலிருந்து கொண்டுவந்த வடிவமைப்பு அறிவு அழிந்திருக்காது. ஐரோப்பாவில் அவருக்கு உதிரிபாகங்கள் விற்ற வணிகத் தொடர்புகள் அழிந்திருக்கா. குண்டை வடிவமைத்துக்கொண்டிருந்த பாகிஸ்தான் அணுசக்தி ஆணையம் வேறோர் அமைப்பு. 1983 மார்ச்சிலேயே அது சர்கோதாவுக்கு அருகிலுள்ள கிரானா குன்றுகளில், அணுவெடிப்பு நிகழாத முதல் 'குளிர் சோதனை'யை நடத்திவிட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. கஹுட்டாவின் மீது விழும் குண்டு இவற்றில் ஒன்றையும் தொட்டிருக்காது.

இது வெறும் ஊகம் என்பவர்கள் ஈராக்கைப் பார்க்கலாம். 1981 ஜூன் 7 அன்று இஸ்ரேலின் எட்டு விமானங்கள் பாக்தாத்துக்கு அருகே இருந்த ஓசிராக் அணு உலையைத் தகர்த்தன. பிரான்ஸ் கட்டிக்கொடுத்த அந்த உலை பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பு வரம்புக்குள் இருந்தது. தாக்குதலுக்குப் பின் ஈராக்கின் முயற்சி கண்காணிப்புக்கு எட்டாத இடங்களுக்குப் பெயர்ந்தது. சதாம் உசேனின் அரசு காவலில் வைத்திருந்த இயற்பியலாளர் ஜாஃபர் தியா ஜாஃபர் அதே ஆண்டில் விடுவிக்கப்பட்டு, இரகசியச் செறிவூட்டல் திட்டத்தின் தலைமைக்கு வந்தார். 1991 வளைகுடாப் போரில் ஆறு வாரங்கள் குண்டு பொழிந்த பிறகும் அத்திட்டத்தின் பெரும்பகுதி வெளியுலகுக்குத் தெரியாமலே இருந்தது. அதை வெளிக்கொணர்ந்து பிரித்துப் போட்டவர்கள், போருக்குப் பின் ஆவணங்களையும் கருவிகளையும் தேடி நேரில் சென்ற ஆய்வாளர்கள். ஓசிராக்கை வெற்றிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் 1981ஆம் ஆண்டோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள்.

குழப்பத்தின் ஒரு வேர் மொழியில் இருக்கிறது. 'தகர்த்தார்கள்' என்பதற்கும் 'தகர்த்துவிட்டார்கள்' என்பதற்கும் இடையே நிற்பது ஒரு துணைவினை. 'விடு' என்பது செயல் முற்றுப்பெற்றதை, இனி மீட்சியில்லை என்பதை உணர்த்துகிறது. அணு உலை என்ற பொருளுக்கு அது பொருந்தும். அணுஆயுதத் திட்டமோ ஒரு பொருளன்று. பலர் பல இடங்களில் தொடர்ந்து செய்யும் செயல்களின் தொகுதிக்கு இட்ட பெயர். கட்டடத்துக்கு உரிய வினைமுற்றைத் திட்டத்தின் மேல் ஏற்றிச் சொல்லும்போது, நிறுவப்படாத ஒரு முடிவு இலக்கணத்தின் வழியே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஈரானின் நிலையங்கள் முற்றாக அழிக்கப்பட்டதாக அமெரிக்க அதிபர் தாக்குதல் நடந்த இரவிலேயே அறிவித்ததும் இவ்வகைப் பேச்சுதான். சேதத்தை அளந்து பார்க்க எவருக்கும் அப்போது நேரம் கிடைத்திருக்கவில்லை.

சிரியாவைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அந்த மறுப்பு வலுவானது. அதைத் தவிர்த்துச் செல்வது நேர்மையாகாது. 2007 செப்டம்பரில் இஸ்ரேல் தகர்த்த உலையை சிரியா மீண்டும் கட்டவில்லை. ஆனால் அந்த உலை வடகொரியாவின் உதவியால் எழுந்தது என்பதே பரவலான மதிப்பீடு. உள்நாட்டில் அதைத் தாங்கும் அறிவுத்தளம் பெரிதாக இல்லை. சில ஆண்டுகளில் நாடே உள்நாட்டுப் போரில் சிதைந்தது. இரவல் உலையை ஒரு தாக்குதலால் நிறுத்த முடிந்தது என்பதே சிரியா தரும் பாடம். சொந்தப் பொறியாளர்களையும் சொந்தச் சுரங்கங்களையும் உடைய பாகிஸ்தானுக்கோ ஈரானுக்கோ அதை நீட்டிக்க முடியாது.

தாக்குதல் காலத்தையாவது வாங்கித் தரும் என்பது அடுத்த வாதம். தரும். ஆனால் வாங்கிய காலத்தில் கண்காணிப்பு வலுப்படாவிட்டால் அந்தக் காலம் தாக்கப்பட்டவருக்கே பயன்படும். ஈரானிடம் 60 விழுக்காடு செறிவூட்டப்பட்ட யுரேனியம் சுமார் 440 கிலோ இருந்ததாகத் தாக்குதலுக்கு முன் பன்னாட்டு முகமை கணக்கிட்டிருந்தது. ஃபோர்தோ, நதான்ஸ் நிலையங்களின் மீது 14 மாபெரும் குண்டுகள் வீசப்பட்டன. அடுத்த சில நாள்களிலேயே முகமையுடனான ஒத்துழைப்பை நிறுத்திவைக்கும் சட்டத்தை ஈரான் நிறைவேற்றியது. கையில் இருந்த கணக்கு கைவிட்டுப் போனது. எங்கே எவ்வளவு இருக்கிறது என்று அறிந்திருந்த நிலையை இழந்து பெற்றதை வெற்றி என்று எந்த அளவுகோலால் சொல்வது?

திட்டம் எங்கே குடியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடப் பெங்களூரு அறிவுலகம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இந்திய அணு ஆராய்ச்சியின் விதையான டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தை ஹோமி பாபா 1945இல் இங்குள்ள இந்திய அறிவியல் கழக வளாகத்தில்தான் தொடங்கினார். அன்று அங்கே அணு உலை இல்லை, செறிவூட்டல் கூடம் இல்லை. சில மனிதர்களும் அவர்களின் படிப்பும் இருந்தன. 1974 பொக்ரான் சோதனைக்குப் பின் கனடா உதவியை நிறுத்தியது. விற்பனை நாடுகள் கூட்டமைத்துக் கதவடைத்தன. இந்தியத் திட்டம் நிற்கவில்லை, உள்நாட்டுமயமானது. இதைப் பெருமிதத்தோடு பாடமாக நடத்துபவர்களே, அண்டை நாட்டின் திட்டம் மட்டும் ஒரு குண்டில் முடிந்திருக்கும் என்று நம்புவது விந்தை.

திட்டம் மனிதர்களிடம் இருக்கிறது என்றால், அதை நிரந்தரமாக முடிக்க விரும்புவோரின் அடுத்த இலக்கு மனிதர்களே. இந்தத் தர்க்கம் ஏட்டளவில் நிற்கவில்லை. 2025 ஜூனில் பத்துக்கும் மேற்பட்ட ஈரானிய அணு அறிவியலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களுள் ஒருவரான இயற்பியலாளர் முகமது மெஹ்தி தெஹ்ரான்சி ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவர். அவர்களிடம் பயின்ற மாணவர்கள் எஞ்சியிருக்கிறார்கள். அப்படியானால் அடுத்து அவர்களா? எந்தப் பாடம் வரை, எந்த வகுப்பு வரை? ஆய்வகங்கள் நிறைந்த ஒரு நகரில், ஆய்வு மாணவர்கள் நிரம்பிய அரங்குகளில் இதற்குக் கைதட்டுவோர் எதற்குக் கைதட்டுகிறோம் என்று ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாக்குதல் ஒருவழிப் பாதையுமன்று. கஹுட்டா தாக்கப்பட்டால் டிராம்பே தாக்கப்படும் என்று பாகிஸ்தான் அணுசக்தி ஆணையத் தலைவர் முனீர் அகமது கான் 1983இல் வியன்னாவில் ராஜா ராமண்ணாவிடம் நேரில் சொன்னதாக வரலாற்றாய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். டிராம்பே மும்பைக்குள் இருக்கிறது. கல்பாக்கம் சென்னையிலிருந்து எட்டும் தொலைவில் இருக்கிறது. இந்தக் கணக்கை இரு நாடுகளும் உணர்ந்ததன் விளைவே 1988 டிசம்பர் 31 அன்று இஸ்லாமாபாதில் கையெழுத்தாகி 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்பது அதன் சாரம். 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி முதல் நாளிலும் நிலையங்களின் பட்டியல் பரிமாறப்படுகிறது. கார்கில் போரும் அதை நிறுத்தவில்லை. கல்பாக்கத்துக்கும் கைகாவுக்கும் அருகில் வாழ்பவர்களைக் காக்கும் காகிதம் அது. கஹுட்டாவுக்காக ஏங்குவோர் ஏளனம் செய்வது இதைத்தான்.

கட்டி முடித்த ஆறு குண்டுகளைத் தானே பிரித்துப்போட்டு, 1991இல் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு தென்னாப்பிரிக்கா. அதன் மீது எவரும் குண்டு வீசவில்லை. அரசியல் மாறியது, அச்சம் தணிந்தது, ஆய்வாளர்களுக்குக் கதவு திறந்தது. இவ்வழி மெதுவானது, உறுதியற்றது, பல இடங்களில் தோற்றதும்கூட. ஆயினும் ஒரு நாடு தன் ஆயுதத்தைத் தானே கைவிட்ட வரலாறு இவ்வழியில் இருக்கிறது. சொந்த அறிவும் உறுதியும் கொண்ட ஒரு திட்டத்தைக் குண்டுவீச்சு மட்டுமே நிரந்தரமாக முடித்த வரலாறு எங்கே இருக்கிறது என்பதை, கஹுட்டா ஆதங்கத்தை அடுத்த கருத்தரங்கில் எழுப்புவோர்தான் சொல்ல வேண்டும்.